பாதி யானைக்குச் சொந்தக்காரர்

ஐடியாக்காரரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். அவர் எதையும் செய்துகொண்டிருக்க மாட்டார்.

செய்கிறவர்கள் பாவம், செய்துகொண்டே இருப்பதால் அவர்களுக்குப் பேச நேரம் கிடைப்பதில்லை. ஐடியாக்காரருக்கு அந்தக் குறை கிடையாது. ஊரில் புதிதாக ஓர் ஓட்டல் திறந்தால், அதை அதே முனையில் திறக்க வேண்டும் என்று அவர் என்றைக்கோ நினைத்தாயிற்று. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவழிப் பாதை போட்டால், அவர் டீக்கடையில் முணுமுணுத்ததை யாரோ ஒட்டுக்கேட்டுக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார்கள். செல்போனுக்குள் கேமராவை வைத்து விற்கிறார்கள் என்று பேப்பரில் படித்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன்? அவருக்குத் தோன்றிய ஐடியா அது. தோன்றியதை யாரிடமாவது சொன்னாரா? மூச்சு விடவில்லை. பிறகு எப்படித் திருடினார்கள்? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்வார்.

இவருக்கென்று ஒரு பாஷை உண்டு. அதில் முக்கியமான சொல் 'கான்செப்ட்'. கான்செப்ட் அவருடையது, மற்றதெல்லாம் சும்மா உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலை. இதை அவர் யாரிடம் சொல்வார் என்றால், உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருப்பவரிடமே சொல்வார். இன்னொருவருடைய ஐடியாவைக் கேட்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. கண்ணை மூடிக்கொள்வார். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். கச்சேரியில் நல்ல இடம் வரப்போகிறது என்று காத்திருப்பவர் போல இருக்கும். நீங்கள் சொல்லி முடித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இது ஏற்கெனவே வந்துடுச்சு" என்பார். எங்கே வந்தது? அமெரிக்காவில் வந்தது. ஜப்பானில் வந்தது. நீங்கள் போய்ப் பார்த்துவிட முடியாத ஏதோ ஓரிடத்தில் வந்தது.

நாம் பார்க்கப்போகிற ஐடியாக்காரரின் பெயர் பூவராகவன். பூர்வீகம் தென்னேரி, அங்கே கொஞ்சம் நிலம், அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் மெத்தையில் உட்கார்ந்து, கல்யாணக் கோஷ்டிகளுக்குச் சேலையை விரித்துப் போடுகிற வேலையில் இருந்தார். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு. நல்ல வாய். இவர் விரித்த சேலையை வேண்டாம் என்று சொல்ல மணப்பெண்ணின் அத்தைகளால் கூட முடியாது. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

ஒருகாலத்தில் அவர் ஒரு பார்டர் டிசைன் கண்டுபிடித்தாராம். மயிலுக்குப் பக்கத்தில் யானை, யானைக்குப் பக்கத்தில் மயில். மறுவாரமே அது எதிர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியதாம். காஞ்சிபுரத்துப் பார்டரில் யானையும் மயிலும் இவருடைய முப்பாட்டனார் பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றனவே என்று கேட்கிறீர்களா? கேட்டவர்கள் உண்டு. "அது வேற மயில்" என்று சொல்லிவிட்டார். ஆனால் பயம் மட்டும் உண்மையானது. புது டிசைன் தறியிலிருந்து இறங்கி மடிப்புக் கலைவதற்குள் அடுத்த தெருத் தறியில் ஏறிவிடும் ஊர் இது. ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் எந்த ஐடியாவையும் யாரிடமும் முழுசாகச் சொல்வதில்லை. பாதிதான்.

இப்போது ஸௌம்யாவுக்கு வருவோம். அதே தெரு. பள்ளிக்கூடத்தில் ஸம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கும் ஸௌந்தரராஜனின் பெண். கம்ப்யூட்டர் ஸயன்ஸில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்து, வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் படங்களை அசைய வைக்கிற ஃபிளாஷைத் தானே கற்றுக்கொண்டு, பந்து துள்ளுவதையும் பூனை ஓடுவதையும் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். சென்னையில் ஒரு கம்பெனி, இன்டர்நெட்டிலும் செல்போனிலும் போடுகிற சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்கிற கம்பெனி, அவளைக் கூப்பிட்டிருந்தது. வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை நேரில் வர வேண்டும். வரும்போது சொந்தமாக யோசித்த ஒரு விளையாட்டைச் செய்து கொண்டுவர வேண்டும். நிபந்தனை இவ்வளவுதான்: யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளையாட வேண்டும், காபி ஆறுவதற்குள் ஒரு ஆட்டம் முடிய வேண்டும், இதற்கு முன் வந்திருக்கக் கூடாது.

அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் பி.எட்., அப்புறம் அவருடைய பள்ளிக்கூடத்திலேயே எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பை ஸௌம்யா பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகளின் முன்னால் சாக்கட்டியோடு நிற்பதை நினைத்தாலே அவள் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அவளிடம் ஐடியா இல்லாமல் இல்லை. கோயில் குரங்கு பக்தர்களின் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு ஓடும், அதை வாழைப்பழம் காட்டி மடக்க வேண்டும் என்று ஒன்று. கரண்ட் கட்டாவதற்குள் வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தோசை வார்த்துப் போட வேண்டும் என்று ஒன்று. இரண்டும் நல்ல விளையாட்டுகள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற புத்தி இருக்கிறதே, அது படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். தனக்குத் தோன்றியது தனக்கே தோன்றியதால் மட்டமாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். அப்பாவும் அப்படியே நினைத்தார். "ராகவன்கிட்டப் போய்க் கேளு. ஐடியா கொட்டிக் கெடக்கறது அவர்கிட்ட" என்று அனுப்பிவைத்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு ஒரு படி அவல் கிடைத்தது.

முதல் சந்திப்பில் அவர் ஜன்னலைச் சாத்தினார். வரதராஜப் பெருமாள் மேல் ஆணையாக வெளியில் சொல்ல மாட்டேன் என்று அவளைச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். பிறகு அவளுடைய குரங்கையும் தோசையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குரங்கு ஜப்பானில் வந்துவிட்டது. தோசை அமெரிக்காவில் வந்துவிட்டது. அமெரிக்காவில் தோசையா என்று அவள் கேட்டதற்கு, அங்கே அதற்கு வேறு பெயர் என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "யானைம்மா" என்றார். "கோயில் யானை. தெருவுல நடந்துக்கினு வருது. அதான் கேமு. உலகத்துலயே கிடையாது."

"நடந்துண்டு வந்து என்ன பண்ணும், அங்கிள்?"

"நீ நடக்க வை. மீதிய அப்புறம் சொல்றேன்."

வேலை எளிமையாகத்தான் தொடங்கியது. யானை நடக்கும், அவ்வளவுதான். மறுநாள் அவர் வந்து, யானை ஏன் நடக்கிறது என்பது விளையாடுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்றார். அதற்கு ஒரு முன்கதை வந்தது. அடுத்த நாள் அந்த யானைக்குச் சின்ன வயதில் காணாமல்போன ஒரு தம்பி வந்தான். அதற்கடுத்து ஒரு கல்யாணம், கல்யாணத்தில் திருட்டுப்போன முகூர்த்தச் சேலை, கடைசிக் கட்டத்தில் தென்னேரி ஏரி உடைந்து வெள்ளம். வெள்ளத்தில் அண்ணனும் தம்பியும் சேர வேண்டும், அப்போது பின்னணியில் நாதஸ்வரம். எளிமையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களே என்று ஸௌம்யா மெல்ல நினைவூட்டினாள். "சிம்பிள்தான்மா. நடக்கறதுக்கு ஒரே பட்டன்தான?" என்றார். ஒரு பட்டனை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே ஒன்றுசேர்க்கச் சொன்ன கான்செப்ட் அது.

அவ்வப்போது அவர் போகும்போது ஃபிளாப்பியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் இருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றார். இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுப்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் போடத் தெரியாது. அப்படியிருக்க அந்த ஃபிளாப்பியை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார் என்பது அவளுக்குப் புரியவில்லை. யானை நெற்றியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

கோயில் யானை என்றால் நெற்றியில் நாமம் உண்டு. ஸௌம்யாவின் வீடு வடகலை. அப்பா நெற்றியில் தினமும் பார்க்கிற நாமத்தை அவள் யோசிக்காமல் யானைக்கும் போட்டாள். போன ஃபிளாப்பி திரும்பி வந்தபோது அந்த நாமத்துக்குக் கீழே, மூக்குத் தண்டில் இறங்கும்படி, ஒரு பாதம் முளைத்திருந்தது. தென்கலை நாமம்! வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு அங்குல வெள்ளைக் கோடு. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு, எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த வீட்டில் காபி மட்டும் குடிக்கலாம் என்பதைச் சொல்லும் கோடு. அவள் பாதத்தை அழித்தாள். மறுபடி முளைத்து வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் தடிமனாக.

இந்த இரண்டு கலையிலும் சேராமல் ஒற்றைச் சிவப்புக் கோடு இழுத்துக்கொள்கிற பூவராகவன் இதைச் செய்திருக்க முடியாது. ஊரில் எங்கோ இன்னொருவர் உட்கார்ந்துகொண்டு இதே யானைக்கு இன்னொரு நெற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். ஸௌம்யா நாமத்தை விட்டுவிட்டு, யானையின் வயிற்றில் சின்ன எழுத்தில் 'யார் நீங்கள்?' என்று எழுதி அனுப்பினாள். அடுத்த தடவை வயிற்றின் மறுபக்கத்தில் பதில் இருந்தது: 'ராம்ப்ரஸாத், பிரௌசிங் சென்டர், காந்தி ரோடு. நீங்கள்?'

ராம்ப்ரஸாத்துக்கு முப்பது வயது இருக்கும். வாடகைக் கடையில் நாலைந்து கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, பையன்களுக்குப் பரீட்சை முடிவும் பெரியவர்களுக்கு ரயில் நேரமும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவனையும் பூவராகவன் அதே பெருமாள் மேல் ஆணையிட வைத்திருந்தார். அவனிடம் சொன்ன மீதிப் பாதி என்னவென்றால், தெரு. ஸௌம்யாவிடம் யானை, ராம்ப்ரஸாத்திடம் தெரு. இவளுக்குத் தெருவைப் பற்றித் தெரியாது. அவனுக்கு யானை யார் போட்டது என்று தெரியாது; தெருவின் அளவு பார்க்கத்தான் அதைக் காட்டினார், தெருவில் விடச் சொல்லவில்லை. முழு விளையாட்டையும் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் பட்டுக்கடை மெத்தையில் பத்திரமாக இருந்தார். ஸௌம்யாவுக்கு வந்த கோபத்தில் அழுகை முட்டியது. மூன்று வாரம் போய்விட்டது. கையில் இருந்தது நடக்கத் தெரிந்த ஒரு யானையும் அதன் காணாமல்போன தம்பியும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் பூவராகவனையும் அழைத்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போனாள். ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவர் திகைத்துப் போய்க் கேட்டார்.

"யானைதான் சொல்லித்து" என்றாள் ஸௌம்யா.

வெட்கப்பட்டாரா? வெட்கப்படுகிறவர் ஐடியாக்காரர் ஆக முடியாது. கோர்வைப் பட்டு எப்படி நெய்கிறார்கள் என்று இருவருக்கும் விளக்க ஆரம்பித்தார். "உடம்பு ஒரு கலரு, பார்டர் வேற கலரு. உடம்ப ஒருத்தன் நெய்வான், பார்டர வேறொருத்தன் நெய்வான், அப்புறம் சேத்துடுவாங்கோ. ஒருத்தனுக்கு மத்தவன் டிசைன் தெரியாது. திருட முடியுமா? அதே டெக்னிக்தாம்பா இது." மெத்தையில் உட்கார்ந்து வெளியூர்க்காரர்களிடம் வருஷக்கணக்காக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. உடம்பும் பார்டரும் ஒரே தறியில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இழை ஓட்டுகிற நாடாவை மாற்றி மாற்றி ஓட்டி, இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் என்பது இந்த ஊரில் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த எல்லோருக்கும் தெரியும். சேலையைப் பற்றியும் அவருக்குப் பாதிதான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் வெளிப்பட்டது.

சரி, சேர்த்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூட ஸௌம்யாவுக்குப் பழைய குரங்கு விளையாட்டாவது மிஞ்சியிருக்கும். அவளிடம் அவர் யானை கோயிலிலிருந்து புறப்படுகிறது என்று சொல்லியிருந்தார். ராம்ப்ரஸாத்திடம் யானை கோயிலுக்குத் திரும்புகிறது என்று சொல்லியிருந்தார். அதனால் யானை ஒரு பக்கமாகக் காலை எடுத்து வைக்க, தெரு எதிர்ப் பக்கமாக ஓடியது. முன்னால் பார்த்துக்கொண்டே, கம்பீரமாக, துதிக்கையை ஆட்டிக்கொண்டு, யானை காந்தி ரோடு முழுக்கப் பின்னோக்கிப் போயிற்று. டீக்கடை, தேர்முட்டி, கண்ணாடிக் கடை எல்லாவற்றையும் பிருஷ்டத்தாலேயே கடந்தது.

கடையில் இன்டர்நெட் பார்க்க வந்திருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஸௌம்யா சிரிக்கவில்லை. இன்றைக்குச் சனி. திங்கட்கிழமை காலையில் சென்னையில் இருக்க வேண்டும். பூவராகவன் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, இதில் ஒரு பறக்கும் தட்டைச் சேர்த்தால் எங்கேயோ போய்விடும் என்றார்.

அப்போது அவள் செய்தது அவளுடைய வாழ்க்கையிலேயே புத்திசாலித்தனமான காரியம். "அங்கிள், ரெண்டாம் பாகத்துக்கு ஒரு கான்செப்ட் வேணும். அமைதியா யோசிச்சாத்தான் வரும். நீங்க ஆத்துக்குப் போய் யோசியுங்கோ" என்றாள். அவர் முகம் மலர்ந்து, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். முதல் பிரச்சினை நாமம். எந்த நாமம் போட்டாலும் இரண்டு வீட்டில் ஒரு வீட்டில் சாப்பாடு கிடையாது. தன் அப்பா கோயில் கோஷ்டியில் முன்வரிசையில் நின்று சேவிக்கிறவர், வடகலை நாமம் போட்ட யானை இந்தக் கடைக்குள் நடமாடுவது தெரிந்தால் கடைக்கே பூட்டுப் போடச் சொல்லிவிடுவார் என்றான் ராம்ப்ரஸாத். நெற்றியை அழித்துவிட்டால் மொட்டையாக இருந்தது. கொஞ்ச நேரம் யானை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "திருப்பிடுவோமா?" என்றாள்.

திருப்பினார்கள். யானையின் பின்பக்கம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. வடகலையும் இல்லை, தென்கலையும் இல்லை. பொதுவான பக்கம்.

யானைக்குப் பின்னால் புறப்பாட்டில் நடந்து போயிருக்கிறீர்களா? நடந்தவர்களுக்குத் தெரியும், கண் பெருமாள் பக்கம் இருக்காது. வால் பக்கம்தான் இருக்கும். ஸௌம்யாவுக்கு அது தோன்றியபோது அவள் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் கைகூப்பிக்கொண்டு யானைக்குப் பின்னால் நடக்கிறீர்கள். யானை வாலைத் தூக்கினால் பட்டனை அழுத்தி ஒதுங்க வேண்டும். தாமதித்தால் யானைச் சாணி தலையில் விழும். பயந்து முன்கூட்டியே ஒதுங்கினால் பின்னால் வருகிற மாமா உங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். சில சமயம் யானை சும்மாவும் வாலைத் தூக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. அண்ணன் இல்லை, தம்பி இல்லை, வெள்ளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். கடைக்கு வந்த பையன்கள் ரிசல்ட் பார்ப்பதை விட்டுவிட்டு வரிசையில் நின்று விளையாடினார்கள்.

பூவராகவன் வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "அசிங்கம்மா இது. யானைய வெச்சுக்கினு இதுதானா தோணுச்சு? என் பேர இதுல போட்டுடாத" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஸௌம்யா அவர் பேரைப் போடவில்லை. அவர் வாயால் கேட்ட முதல் உபயோகமான யோசனை அது.

திங்கட்கிழமை. சென்னைக் கம்பெனியில் ப்ரியங்கா என்று ஒரு பெண், ஸௌம்யாவைவிட நாலைந்து வயது மூத்தவள், அந்த விளையாட்டை விளையாடிப் பார்த்தாள். முதல் ஆட்டத்தில் தலையில் விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் மாமா இடத்தைப் பிடித்தார். மூன்றாவது ஆட்டத்தில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஸௌம்யா கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது முழுக்க உங்கள் ஐடியாதானா என்று ப்ரியங்கா கேட்ட அதே சமயத்தில் மேஜை மேல் இருந்த போன் அடித்தது.

போனில் யார் என்று சொல்ல வேண்டுமா?

ஞாயிறு சாயங்காலம் கடையில் ஒரு பெங்களூர்க் கல்யாணக் கோஷ்டிக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கேவலத்தைச் சொல்லி வருத்தப்படுவதற்காகப் பூவராகவன் யானைக்குப் பின்னால் நடக்கிற கதையில் பாதியைச் சொன்னார். மீதியை அவர்களே புரிந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது அவருடைய ஐடியா. ஸௌந்தரராஜனிடம் கம்பெனியின் நம்பரை வாங்கிக்கொண்டு, கடை திறந்ததும் முதல் வேலையாகக் கூப்பிட்டுவிட்டார்.

ப்ரியங்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஸௌம்யாவுக்கு எட்டாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று 'குட்மார்னிங் டீச்சர்' சொன்னது போலிருந்தது.

"காஞ்சிபுரத்துப் பொண்ணு ஒண்ணு வந்திருக்கும் மேடம். அது கொண்டாந்த கேமு என்னுது. கான்செப்ட் மொத்தமும் என்னுது."

ப்ரியங்கா ஸௌம்யாவை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு இல்லாத பார்வை. "சரி சார். அந்த கேம்ல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க" என்றாள்.

பட்டுக்கடையில் யாரோ விலை கேட்கிற சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது.

"சொல்லிட்டா நீங்க எடுத்துக்குவீங்களே மேடம்."

"கேம் என் முன்னாடிதான் சார் ஓடிட்டு இருக்கு."

"ஓடட்டும். அது வேற. வாயால சொல்றது வேற." மனத்துக்குள் அவர் பட்ட அவஸ்தை இங்கே வரைக்கும் கேட்டது. "வேணும்னா பாதி சொல்றேன். யானை."

"யானை என்ன பண்ணுது?"

"மீதி அக்ரிமென்ட் போட்ட அப்புறம்தான் மேடம்."

ப்ரியங்கா நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அது யார் என்று கேட்டாள். ஸௌம்யா உள்ளதைச் சொன்னாள்: யானை நடக்கலாம் என்று சொன்னது அவர், தெருவைப் போட்டது ராம்ப்ரஸாத் என்று ஒருவர், யானையைத் திருப்பி நிற்க வைத்ததும் அதற்குப் பின்னால் நடந்ததெல்லாமும் தன்னுடைய யோசனை. அவர் தங்கள் தெருக்காரர், ஐடியா சொல்வார், வேறொன்றும் செய்ய மாட்டார் என்றும் சொன்னாள்.

"எங்க ஆபீஸ்லயும் அப்படி ஒருத்தர் இருக்கார். மேல் மாடில உட்காருவார்" என்றாள் ப்ரியங்கா. "அவர்தான் முதலாளி. அவரைச் சமாளிக்கத் தெரிஞ்ச ஆள்தான் எங்களுக்கு வேணும். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வந்துடறீங்களா?"

ஸௌம்யா சென்னைக்குப் போய்விட்டாள். அந்த யானையை முகம் தெரியாத எத்தனையோ ஆபீஸ்களில் எத்தனையோ பேர் வேலை நேரத்தில் விளையாடினார்கள். முதல் பக்கத்தில் ஸௌம்யாவின் பெயரும் ராம்ப்ரஸாத்தின் பெயரும் இருந்தன. பூவராகவன் இன்றைக்கும் சேலையை விரித்துப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கம்பெனிகள் தன்னை ஏமாற்றிய கதையைச் சொல்கிறார். கேட்கிறவர்கள் அவருக்காக நிஜமாகவே வருத்தப்படுகிறார்கள். வருத்தத்தில் இன்னொரு சேலையும் எடுக்கிறார்கள். ஸௌம்யாவின் அப்பாவேகூட இப்போதெல்லாம், என்ன இருந்தாலும் யானை என்று முதலில் வாயைத் திறந்தது ராகவன்தானே என்கிறார். உலகத்தில் ஐடியாக்காரர்கள் பட்டினி கிடந்ததாகச் சரித்திரம் இல்லை. செய்தவர்களைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

நல்லவேளை, நமக்கெல்லாம் அந்தக் குணம் கிடையாது என்று நினைத்துக்கொண்டுதானே இவ்வளவு நேரம் படித்தீர்கள்? ஒன்று மட்டும் கேட்கிறேன். வால் தூக்குகிற இடத்தைப் படித்தபோது, யானைக்குப் பதில் தேர் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்றோ, இந்த மாமாவுக்கு ஒரு குடை கொடுத்திருக்கலாமே என்றோ, இதே மாதிரி வேறொன்று பல நாளாக என் மனசிலும் இருக்கிறது, நேரம்தான் கிடைக்கவில்லை என்றோ உங்களுக்குத் தோன்றியதா? லேசாகக்கூடத் தோன்றவில்லையா?

தோன்றியிருந்தால் பரவாயில்லை, மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் யாராவது செய்து தொலைத்துவிடுவார்கள்.